பேசாதவர்கள் பட்டியல்

ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே போக வேண்டி வந்தால் லீடர் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டுப் போவார். லீடர் கரும்பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டு, கீழே ஒரு கோடு இழுத்து, பெயர்களை எழுத ஆரம்பிப்பான். திரும்பவும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பட்டியல் தெரியும். சிலருக்கு அதில் நிரந்தர இடமே இருந்திருக்கும்.

‘பேசாதவர்கள்’ என்று ஒரு பட்டியலை யாரும் எழுதியதில்லை. எழுத வேண்டிய அவசியம் என்ன, அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லையே என்று கேட்கலாம். அந்தக் ‘தொந்தரவு’ என்ற சொல்லைச் சுற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மனநல மருத்துவர் கிடையாது. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பெற்றோர் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்கும்போது, பிள்ளைகளின் நடத்தை பற்றிப் பெரும்பாலும் இரண்டு விதமான வாக்கியங்கள்தான் காதில் விழுகின்றன. ஒன்று, “வால் சார், ஒரு இடத்துல உட்கார மாட்டான்.” இன்னொன்று, “தங்கமான பொண்ணு சார், இருக்கிற இடமே தெரியாது.” முதலாவது புகார், இரண்டாவது பாராட்டு. இந்த இரண்டும் பிள்ளையின் மனநிலையைச் சொல்கின்றனவா, இல்லை வகுப்பு நடத்துகிறவரின் நிம்மதியைச் சொல்கின்றனவா? இந்தச் சந்தேகத்தில் படிக்க ஆரம்பித்தேன்.

1928-லேயே கேட்ட கேள்வி

இதே கேள்வியை அமெரிக்காவில் ஈ.கே. விக்மன் என்ற உளவியலாளர் கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்பே கேட்டுவிட்டார். அவருடைய ஆய்வு 1928-ல் புத்தகமாக வந்தது. செய்தது எளிமையான வேலைதான். பிள்ளைகளிடம் காணப்படும் 50 நடத்தைகளைப் பட்டியல் போட்டார். பொய் சொல்வது, திருடுவது, எதிர்த்துப் பேசுவது, வகுப்புக்கு மட்டம் போடுவது, கூச்சப்படுவது, பயப்படுவது, யாருடனும் சேராமல் ஒதுங்குவது, சந்தோஷமே இல்லாமல் இருப்பது என்று பலதும் அதில் இருந்தன. 511 ஆசிரியர்களிடமும் 30 மனநல நிபுணர்களிடமும் கொடுத்து, எது எவ்வளவு தீவிரமானது என்று மதிப்பிடச் சொன்னார்.

இரண்டு தரப்பும் வேறு வேறு உலகத்தில் இருப்பது போல விடைகள் வந்தன. பாலியல் சார்ந்த நடத்தை, திருட்டு, பொய், மட்டம் போடுதல், கீழ்ப்படியாமை ஆகியவை ஆசிரியர்களின் பட்டியலில் மேலே இருந்தன. கூச்சம், ஒதுங்குதல் எல்லாம் கீழே கிடந்தன. நிபுணர்களின் பட்டியலில் ஒதுங்குதல், சந்தேகப்படுதல், மனச்சோர்வு, பயம் ஆகியவை மேலே வந்தன. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவது மாதிரி ஒரு சில விஷயங்களில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போயின.

“பாத்தீங்களா, வாத்தியாருங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்று இதோடு முடித்துவிடலாம். அன்றைக்கே பலர் அப்படித்தான் முடித்தார்கள். ஆனால் ஆய்வில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது; அதைப் பிறகு வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். இரண்டு தரப்பிடமும் கேட்ட கேள்வி ஒன்றில்லை. ‘இந்த நடத்தை இப்போது வகுப்பில் எவ்வளவு பிரச்சினை?’ என்ற கோணத்தில், நேரக் கெடு வைத்து, ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறார்கள். நிபுணர்களிடம் கேட்டதோ, ‘இது பிள்ளையின் எதிர்காலத்தை எவ்வளவு பாதிக்கும்?’ என்று. கேள்வி வேறானால் பதிலும் வேறாகத்தானே வரும்? அடுத்த முப்பது வருஷத்தில் வந்த மறு ஆய்வுகளில் இரு தரப்புக்கும் இடையே இருந்த இடைவெளி குறைந்தது.

ஆய்வு முறையாகப் பார்த்தால் இது குறைதான். ஆனால் எனக்கு அந்தக் குறையே பள்ளிக்கூடத்தைச் சரியாகப் படம்பிடித்த மாதிரி தெரிகிறது. நாற்பது பிள்ளைகள், நாற்பத்தைந்து நிமிஷம், முடிக்க வேண்டிய போர்ஷன். இதற்கு நடுவே நிற்கிற ஒருவரிடம் நாள்தோறும் கேட்கப்படுவது ‘இப்போது என்ன பிரச்சினை?’ என்ற கேள்விதான். ‘பத்து வருஷம் கழிச்சு இந்தப் பிள்ளை எப்படி இருக்கும்?’ என்று அவரை யார் கேட்கிறார்கள்? கேட்டால் அவருக்கும் பதில் தெரிந்திருக்கலாம்.

வெளியே வெடிப்பதும் உள்ளே புழுங்குவதும்

1966-ல் தாமஸ் ஆக்கன்பாக் பிள்ளைகளின் மனநலப் பிரச்சினைகளைப் புள்ளியியல் முறையில் அலசி, அவற்றை இரண்டு பெரிய கூட்டமாகப் பிரிக்கலாம் என்று காட்டினார். ஒன்று வெளியே வெடிப்பது: சண்டை, முரட்டுத்தனம், விதிகளை மீறுவது. மற்றது உள்ளே புழுங்குவது: கவலை, பயம், சோர்வு, காரணம் தெரியாத வயிற்றுவலி தலைவலி. இந்தப் பிரிவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு நல்ல ஒப்புமை உண்டு. ஒரு சர்வர் படுத்துவிட்டால் அலர்ட் அடிக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு ஐந்து பேர் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். அதைவிட மோசமான கோளாறு வேறொன்று. சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும், உள்ளே தரவு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்துகொண்டிருக்கும். மூன்று மாதம் கழித்துத் தெரியவரும்போது காரியம் கைமீறியிருக்கும். சத்தத்தை மட்டும் பார்க்கிற எந்தக் கண்காணிப்பு முறையும் இந்த இரண்டாவது வகையைத் தவறவிடும்.

இதற்காகச் சத்தம் போடுகிற பிள்ளைகளைப் பள்ளி சரியாகப் பார்க்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பெரியவர்களுக்கு மனச்சோர்வு என்றால் சோகம்தான் முதல் அடையாளம். பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சோகத்துக்குப் பதிலாக எரிச்சலே வரலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடே சொல்கிறது. எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கிற, புத்தகத்தைத் தூக்கி எறிகிற பத்தாம் வகுப்புப் பையனுக்கு நாம் வைக்கிற பெயர் ‘திமிர்’. அது நோயாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வருவதில்லை. ஆக, ஒருவனுக்கு முட்டி போடும் தண்டனை கிடைக்கிறது, இன்னொருத்திக்கு ‘தங்கமான பொண்ணு’ என்ற பட்டம் கிடைக்கிறது. ‘என்னப்பா ஆச்சு?’ என்ற கேள்வி மட்டும் இருவருக்கும் கிடைப்பதில்லை.

எத்தனை பேர்?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. அதன்படி 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. ஆண், பெண் வித்தியாசம் பெரிதாக இல்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொண்டால் சராசரியாக மூன்று பேர். மருத்துவரீதியாகக் கோளாறு என்று சொல்லத் தக்க நிலையில் இருப்பவர்களை மட்டுமே இது எண்ணுகிறது. அந்த எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் தவிக்கிறவர்கள் இதில் வர மாட்டார்கள்.

வயதும் முக்கியம். ரொனால்ட் கெஸ்லர் குழு அமெரிக்காவில் நடத்தி 2005-ல் வெளியிட்ட பெரிய கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் வருகிற மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. பதினாலு வயது என்பது நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு. “அடுத்த வருஷம் பப்ளிக் எக்ஸாம்” என்று வீடும் பள்ளியும் சேர்ந்து இறுக்க ஆரம்பிக்கிற அதே வருஷம்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு எண் போதும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். ஒவ்வொரு மரணத்துக்கும் பல காரணங்கள் இருந்திருக்கும், ஒற்றைக் காரணம் சொல்வது சரியில்லை. ஆனால் இத்தனை வீடுகளில் எத்தனை பேர் ‘எங்களுக்கு ஒண்ணுமே தெரியலையே’ என்று சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

யாரைக் கேட்பது?

சரி, யாருக்குப் பிரச்சினை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசிரியரைக் கேட்பதா, பெற்றோரைக் கேட்பதா, பிள்ளையையே கேட்பதா?

1987-ல் ஆக்கன்பாக்கும் இரண்டு சக ஆய்வாளர்களும் 119 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஒரே பிள்ளையைப் பற்றி இரண்டு பேர் சொல்வது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது கேள்வி. அப்பா, அம்மா மாதிரி ஒரே இடத்தில் பிள்ளையைப் பார்க்கிற இருவருக்கிடையே ஒட்டுறவுக் கெழு சராசரியாக 0.60. பெற்றோர், ஆசிரியர் மாதிரி வேறு வேறு இடத்தில் பார்க்கிறவர்களுக்கிடையே 0.28. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் மற்றவர்கள் சொல்வதற்கும் இடையே 0.22. முழுசாக ஒத்துப்போனால் 1 என்று இருக்க வேண்டும். 0.22 என்பது ஏறக்குறைய ‘எனக்கு உன்னைத் தெரியாது’ என்ற அளவுதான். வெளியே வெடிக்கிற பிரச்சினைகளில் கொஞ்சம் ஒத்துப்போனார்கள், உள்ளே புழுங்குபவற்றில் அதுவும் குறைந்தது. சின்னப் பிள்ளைகளை விட வளரிளம் பருவத்தினர் விஷயத்தில் இன்னும் குறைந்தது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தாங்கள் பார்க்கிற துண்டைச் சொல்கிறார்கள். அதனால்தான் நல்ல அளவுகோல்கள் மூன்று தரப்பையும் கேட்கின்றன. 1997-ல் ராபர்ட் குட்மன் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் உருவாக்கிய ‘பலங்களும் சிரமங்களும்’ என்ற வினாத்தாளை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். மொத்தம் 25 வாக்கியங்கள், ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். மனவுணர்வு, நடத்தை, துறுதுறுப்பு, சக பிள்ளைகளோடு பழக்கம், பிறருக்கு உதவும் குணம் என்று ஐந்து பிரிவு, பிரிவுக்கு ஐந்து வாக்கியம். பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, 11 வயதுக்கு மேல் பிள்ளைக்கே ஒன்று.

இந்த வினாத்தாளில் என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது அதன் பின்பக்கம். அங்கே இரண்டு கேள்விகள் தனித்தனியாக இருக்கின்றன. ‘இந்தச் சிரமங்கள் பிள்ளையை வருத்துகின்றனவா?’ என்பது ஒன்று. ‘இவை உங்களுக்கோ வகுப்புக்கோ சுமையாக இருக்கின்றனவா?’ என்பது இன்னொன்று. பிள்ளைக்கு ஏற்படும் பாதிப்புக்கு மதிப்பெண் போடும்போது இரண்டாவது கேள்வியின் விடையைச் சேர்ப்பதில்லை. ஊருக்குச் சுமை என்பதும் பிள்ளைக்கு வலி என்பதும் வேறு வேறு என்று அந்தத் தாள் பிரித்துவைத்திருக்கிறது. நம் மாற்றுச் சான்றிதழில் ‘நடத்தை: நன்று’ என்று எழுதுகிறோமே, அந்தக் கட்டத்தில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

நாளந்தாவில் நடந்தது

கண்டுபிடிப்பது இருக்கட்டும், பள்ளிக்கூடத்தால் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல விடை இருக்கிறது.

பிகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ‘சேஹர்’ என்ற திட்டம் சோதிக்கப்பட்டது. கோவாவைச் சேர்ந்த சங்காத் என்ற தொண்டு நிறுவனமும் விக்ரம் படேல் உள்ளிட்ட ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், 13,000 பேருக்கும் மேல். பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆள் ஒருவரை ‘மித்ரா’, அதாவது நண்பர், என்று பள்ளிக்குள் அமர்த்தினார்கள். அவர் மனநலப் பட்டம் பெற்றவர் இல்லை. இரண்டாவது பிரிவில் அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கே பயிற்சி கொடுத்து அதே வேலையைச் செய்யச் சொன்னார்கள். மூன்றாவது பிரிவில் வழக்கமான வாழ்க்கைத்திறன் வகுப்பு மட்டும்.

மித்ரா செய்த வேலைகளில் பிரமாதமான தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. காலை வழிபாட்டில் பேசுவது, சுவர்ப் பத்திரிகை, போட்டிகள், பிள்ளைகளின் குழுக்கூட்டம், தனியாக வந்து பேசுகிறவர்களுக்கு ஆலோசனை. கூடவே ஒரு பெட்டி. பெயர் போடாமல் யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம்.

2018-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. எட்டு மாதத்தில், மித்ரா இருந்த பள்ளிகளில் பள்ளியின் சூழல் வெகுவாக மேம்பட்டிருந்தது. மனச்சோர்வின் அறிகுறிகள், கேலி கொடுமை, அடிதடி எல்லாம் குறைந்திருந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் வழக்கமான பள்ளிகளை விட எந்த முன்னேற்றமும் இல்லை. பதினேழு மாதம் கழித்துப் பார்த்தபோதும் மித்ரா பள்ளிகளில் பலன் நிலைத்திருந்தது, கூடவும் செய்திருந்தது.

ஒரே திட்டம், ஒரே வயதுப் பிள்ளைகள். ஆள் மட்டும் வேறு. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஆசிரியர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று நான் இதை வாசிக்கவில்லை. பாடம், திருத்துதல், தேர்தல் பணி, நம் ஊரில் எமிஸ் பதிவேற்றம் என்று இருக்கிற வேலைக்கு மேல் இன்னொரு வேலையை ஏற்றினால் அது கடைசியில்தான் நடக்கும். அது ஒரு காரணம். என் ஊகத்தில் இன்னொரு காரணமும் உண்டு. மார்க் போடுகிறவரிடம், அப்பாவைக் கூட்டிட்டு வா என்று சொல்லும் அதிகாரம் உள்ளவரிடம், ஒரு பதினாலு வயசுப் பிள்ளை மனசைத் திறக்குமா? கேட்கிற காதும் தண்டிக்கிற கையும் ஒரே உடம்பில் இருந்தால் பிள்ளை கையைத்தான் பார்க்கும். மித்ராவிடம் பிரம்பும் இல்லை, மதிப்பெண் பதிவேடும் இல்லை.

நாளந்தா நம் ஊர் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் சம்பளத்துக்கு ஓர் ஆள், ஒரு பெட்டி, கொஞ்சம் பயிற்சி என்பது எந்த மாநிலத்துக்கும் எட்டாத விஷயம் இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

மித்ரா வரும்வரை காத்திருக்க முடியாது. படித்ததிலிருந்து நான் எனக்காக எழுதி வைத்திருக்கும் குறிப்புகள் இவை.

ஒன்று. பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், ஆறு மாதத்துக்கு முந்தைய அதே பிள்ளையோடு ஒப்பிட வேண்டும். இயல்பிலேயே அமைதியான பிள்ளைகள் உண்டு, அமைதி நோய் அல்ல. வாயாடியாக இருந்தவள் திடீரென்று அடங்கிப்போவதுதான் தகவல். தூக்கம், சாப்பாடு, நண்பர்கள், பிடித்த விளையாட்டு ஆகியவற்றில் வரும் மாற்றமும் அப்படித்தான்.

இரண்டு. திங்கட்கிழமை காலை வயிற்றுவலியை ‘நடிப்பு’ என்று தள்ளக் கூடாது. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்று சொல்வது குட்மன் வினாத்தாளில் மனவுணர்வுப் பிரிவில் உள்ள ஒரு வாக்கியம். டாக்டர் பார்த்து உடம்பில் ஒன்றுமில்லை என்று சொன்னால் விஷயம் முடிந்துவிடாது, அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மூன்று. நேராகக் கேட்கலாம். ‘சாகணும்னு எப்பவாவது தோணுதா?’ என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களை விடக் கூடுதல் மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ வரவில்லை. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேள்வியால் கெடுதல் இல்லை.

நான்கு. கேட்டுவிட்டு உடனே அறிவுரையில் இறங்காமல் இருப்பது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருக்கிறது. சாப்ட்வேர்காரனுக்குப் பிரச்சினையைக் கேட்டதும் கை தீர்வை நோக்கிப் போய்விடும்.

ஐந்து. நம் கைக்கு மீறியது என்று தோன்றினால் தயங்காமல் வெளியே உதவி கேட்க வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இந்த மூன்றையும் பிள்ளைகளுக்குத் தெரிகிற மாதிரி வீட்டில் எங்காவது ஒட்டி வைப்பது நல்லது. தன் பிள்ளைக்கு இது தேவைப்படாது என்று நினைக்கிறவர்களும் ஒட்டலாம். வீட்டுக்கு வரும் அதன் நண்பர்களில் யாராவது ஒருவர் வாசித்துவிட்டுப் போகக்கூடும்.

ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன்னால் வருகைப் பதிவேட்டை எடுத்து, இந்த மாதத்தில் நீங்கள் ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளைகள் யார் என்று குறித்துப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலைதான். அந்தப் பெயர்களில் பெரும்பாலானவர்கள் நன்றாகவே இருப்பார்கள். ஆனாலும் நாளைக்கு ஒவ்வொருவரையும் ஒரு தடவை கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று மட்டும் கேளுங்கள்.